ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணமும் சேர்க்காத பலமும்



எங்கள் அத்தா ஹஜ்ஜுக்கெனப் பணம் சேர்க்கத் தொடங்கியது 1998ஆம் ஆண்டில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினான்கு பேர் வேலை செய்த ஒரு லேத் பட்டறையில் அவர் டர்னர். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பட்டரவாக்கத்தில் ரயிலேறித் திருமுல்லைவாயலில் இறங்கி வீடு வந்து சேர்ந்ததும், ஒரு சிறு தொகையைப் பிரித்து அம்மாவின் கையில் கொடுப்பார். எங்கள் மூவருடைய படிப்பு, தங்கையின் நிக்காஹ், 2015 வெள்ளம் என ஒவ்வொன்றிலும் அந்தப் பணம் கரைந்தது, மறுபடியும் சேர்ந்தது. 2024இல் மனுச் செய்தோம். குலுக்கலில் அத்தா, அம்மா இருவரின் பெயர்களும் வந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

ஹஜ் என்பது சக்தி பெற்றவர்மீது கடமை என்பதைச் சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தச் சக்தியில் பணமும் அடங்கும், உடல்நலமும் அடங்கும், வழியின் பாதுகாப்பும் அடங்கும் என்று ஹஜ்ரத் விளக்கியதும் நினைவிருக்கிறது. ஆயினும் இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது பணத்தை மட்டுமே.

உடலைப் பற்றிய கவலை எங்களுக்கு வந்தது ஒரு செய்தியால்தான். 2024 ஜூன் மாதம் ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் சென்று, நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. நாங்கள் அந்தப் பகுதியைச் சரியாகப் படிக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டு அஞ்சினோம். அச்சத்தில் எடுத்த முடிவு, அத்தாவை நடக்கவைப்பது.

அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. சர்க்கரை நோய் பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டு. புதிய ஷூ ஒன்று வாங்கினோம். ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதைக்கு அழைத்துப்போனோம். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர். "இன்னும் ஒரு சுற்று, அத்தா" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். அவரும் மறுக்கவில்லை. மினாவிலிருந்து அரஃபாத் ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் என்று அவருக்குத் தெரியும். நடக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஏழாம் நாள் மாலை அம்மா துணி துவைக்கும்போது அத்தாவின் இடதுகால் சாக்ஸில் இரத்தக் கறையைக் கண்டார். பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அத்தாவுக்கு வலி தெரியவே இல்லை. எத்தனை நாளாக அந்தப் புண்ணின் மேல் நடந்தார் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களில் எங்கள் வீட்டில் ஹஜ் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. கால் போய்விடுமோ என்ற எண்ணம் எங்கள் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லும் துணிவு இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து எங்கள் கையாலேயே அவருக்குக் கேடு செய்துவிட்டோம்.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அந்த மாதமும் மாத்திரை கொண்டுவந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணிபுரிபவர் அவர். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. எங்களைப் பொறுத்தவரை அது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் ஒரு பெண்மணி, அவ்வளவே. மகளிர் குழுவிலிருந்து தேர்வாகிப் பயிற்சி பெற்றவர். அத்தாவின் கட்டைப் பார்த்ததும் அவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

"பாய், வாக்கிங் போகச் சொன்னது யாரு?"

அத்தா எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நானாத்தான் போனேம்மா" என்றார்.

அடுத்த வாரம் அந்தத் தன்னார்வலர் ஓர் இயன்முறை மருத்துவரை அழைத்துவந்தார். முப்பது வயதுகூட நிரம்பாத இளம்பெண். நைலான் இழை பொருத்திய பேனா போன்ற ஒரு கருவி அவரிடம் இருந்தது. அந்த இழை பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, புண்ணை விலக்கி, பாதத்தில் பத்து இடங்களில் அதை வைத்தெடுத்தார். தொடும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்ல வேண்டும். வலது காலில் ஏழுமுறை சொன்னார் அத்தா. இடது காலில் நான்கு. மற்ற ஆறு இடங்களிலும் அறை அமைதியாக இருந்தது. அம்மா அழத் தொடங்கினார்.

சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்தன. ஹஜ்ஜுக்கான மருத்துவப் படிவம் கையெழுத்தாகிவிட்டது; மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியெல்லாம் விசாரித்து வைத்திருந்தோம். அவருடைய பாதத்தை மட்டும் நாங்கள் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

புண் ஆறிய பின்னர்தான் உண்மையான பயிற்சி தொடங்கியது. அந்த மருத்துவர் முதலில் நடையைத் தொடவே இல்லை. நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். அத்தா பதினொன்று. அம்மா ஏழு. எங்களுக்கு இது பெரும் வியப்பு. நோயாளி என்று நாங்கள் கருதியது அத்தாவை. அம்மாவை யாரும் சோதித்ததே இல்லை. நாற்பதாண்டு அடுப்படியில் நின்ற கால்கள் அவை. அதை வேலை என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை, நாங்களும் எழுதவில்லை.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், கெண்டைக்கால் தசையை நீட்டுதல். பின்னர் பத்து நிமிட நடை. வாரத்துக்கு வாரம் சிறிதே கூட்டினார். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். ஷூவைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். ஏப்ரல் வந்ததும் நடையைச் சற்றே வெயில் ஏறிய நேரத்துக்கு மாற்றினார். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்களாவது வேண்டுமாம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதிக்கொடுத்தார்: மார்பில் இறுக்கம், தலைசுற்றல், வியர்வை திடீரென நின்றுபோதல். ஏரிக்கரையில் நாங்கள் அத்தாவை ஓட்டிய அந்த ஏழு நாட்களில் இவற்றுள் ஒன்றைக்கூட நாங்கள் அறிந்திருக்கவில்லை. நடை என்பது யாருக்கும் தெரிந்த ஒன்று என்றே நினைத்திருந்தோம்.

இஹ்ராமில் ஆண்கள் காலுறை அணியக் கூடாது என்பது அவருக்குப் புதிய செய்தி. "அப்படியானால் இந்தப் பாதத்தை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஹஜ்ரத்திடம் போனோம். நோயின் காரணமாகத் தேவை ஏற்பட்டால் ஃபித்யா கொடுத்து அணிந்துகொள்ளலாம் என்பதை ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார். மருத்துவரின் கேள்வியும் ஹஜ்ரத்தின் பதிலும் சேர்ந்துதான் எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

அத்தாவின் வேலையைப் பற்றியும் அந்த மருத்துவர் விரிவாகக் கேட்டார். முப்பத்தோராண்டு லேத்தின் முன் நின்றவர் என்றதும், கணுக்காலுக்கு மேல் முறுக்கிக்கொண்டிருந்த நரம்புகளைத் தடவிப் பார்த்தார். "உட்கார இடம் இருந்ததா, ஐயா?" நின்றே வேலை செய்பவர்கள் இடையிடையே அமர இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு அப்போது சொன்னது. கடைகளில் நிற்போருக்கும் அந்த உரிமையைத் தமிழக அரசு 2021இல் சட்டமாக்கியது. அத்தா சிரித்தார். "ஸ்டூல் இருந்துச்சும்மா. அதுமேல எல்லாரும் டிபன் பாக்ஸ் வச்சிருந்தோம்."

சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது. அதில் ஏன் உட்கார வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பட்டறைக்குள் வந்து சொல்ல ஆள் இல்லை. எங்களில் இளையவர் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். அவருக்கு நேர்மாறான துன்பம். நாள் முழுதும் அமர்ந்தே இருப்பதால் இடுப்பு வலி. அவருக்கும் அந்த மருத்துவர் பேருந்தில் ஏறுமுன் படியருகே நின்று செய்யும்படி மூன்று அசைவுகளைக் கற்றுக்கொடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டுக்கும் மேலாக இந்த ஊர் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. 2005 முதல் அதற்கெனவே ஒரு பல்கலைக்கழகமும் மேலக்கோட்டையூரில் உண்டு. இதோ பக்கத்தில் பூந்தமல்லியிலேயே பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. ஆகக் கற்பிப்போர் இல்லாத ஊரன்று இது. எனினும் பள்ளியை விட்டு வெளியேறிய பின் நம் உடலுக்கு ஆசிரியர் என்று எவரும் இருப்பதில்லை. அடுத்து நாம் சந்திப்பது மருத்துவரைத்தான், அதுவும் நோய் வந்த பிறகு. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று 2024இல் அரசு வேலைத்தளங்களுக்கே சென்று சோதிக்கத் தொடங்கியது. அத்தா ஓய்வு பெற்ற பிறகு வந்தது அது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட பட்டறைகளின் வாசலையும் அது தட்ட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

2025 மே மாதம் இருவரும் புறப்பட்டார்கள். தவாஃபை இருவரும் நடந்தே முடித்தார்கள். ஸஃபா, மர்வா இடையிலான ஸஃயு ஏழு முறையும் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்காவது முறையில் அத்தா நின்றுவிட்டார். கண்ணாடியை எடுத்துப் பாதத்தைப் பார்த்தார், சிவந்திருந்தது. மீதியைச் சக்கர நாற்காலியில் நிறைவு செய்தார். முன்பிருந்த அத்தாவாக இருந்தால் நாற்காலியை அவமானமாகக் கருதியிருப்பார். அரஃபா நாளில் பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை கூடாரத்துக்குள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. அப்படியே இருந்து துஆ கேட்டார்கள். காலில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

திரும்பிய பின்னர் மஹல்லாவில் ஒரு யோசனையை முன்வைத்தோம். ஹஜ், உம்ரா வகுப்புகளில் துஆக்களையும் கிரியைகளையும் கற்பிக்கிறோம். உடலைத் தயார்படுத்தவும் கற்பித்தால் என்ன? எல்லோரும் ஏற்கவில்லை. பள்ளிவாசல் உடற்பயிற்சிக் கூடமல்ல என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் மத்ரஸா கூடத்துக்கு மாற்றிக்கொண்டோம். பெண்களுக்குத் தனி நேரம். அதே இயன்முறை மருத்துவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தமது விடுமுறையில் வந்தார். பொதுமக்களுக்கு வகுப்பெடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆறு பேரைக் கொடுங்கள், அவர்களைப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்றார். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். ஏழாவதாக அத்தா அழையாமலே வந்து அமர்ந்தார். பாதியிலேயே நின்றுபோனவரும் உண்டு. இப்போது மிஞ்சியிருப்போர் ஐவர்.

சென்ற ஞாயிறு உம்ராவுக்குப் புறப்படவிருந்த கால் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை கொஞ்சம் உண்டு, ஆனால் தமக்கு ஒன்றும் இல்லை என்றார். வியாழக்கிழமை விமானம். அத்தா அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். நைலான் இழையை அவருடைய வலது பாதத்தில் வைத்தார், எடுத்தார். இன்னோரிடத்தில் வைத்தார். மூன்றாவதாகக் குதிகாலருகே வைத்தார்.

"ஆரம்பிங்க பாய், நேரமாகுது" என்றார் ஓட்டுநர், கண்ணைத் திறக்காமலே.

அத்தா எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த மருத்துவரின் எண்ணைக் கேட்டுக் கைப்பேசியை நீட்டினார்.