இலைக்கும் பசிக்கும்!

“இந்த சீசனோட எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடலாம் கண்ணு. சைட்டுக்காரன் நாலு தடவை வந்துட்டுப் போயிட்டான்.”

அன்னூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு ஏக்கர் லக்னோ-49 கொய்யா. மாமனார் இப்படிச் சொன்னபோது மருமகளின் கையில் வெடித்த பழம் ஒன்று இருந்தது. உள்ளே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போன கூடையில் பாதி அப்படியே திரும்பி வந்திருந்தது.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் நாலு இலை, ரெண்டு பழத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினாள். 1868-ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு வந்த இடம். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக பஸ் ஜன்னல் வழியே மட்டும் பார்த்த வாசல்.

பழம் வெடிப்பதும் இறுகுவதும் போரான் சத்து போதாததால். இலை சிறுத்து, நரம்புக்கு நடுவே மஞ்சளாவது துத்தநாகம் கிடைக்காததால். சுக்கான் மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. அதனால்தான் இலை வழியாக ஊட்டுகிறார்கள்.

கணக்கு எளிமையானது. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா, 50 கிராம் துத்தநாக சல்பேட். மார்ச்சில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை. வெடிப்புக்கு, அதே 10 லிட்டருக்கு 30 கிராம் போராக்ஸ். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். ‘நல்லதுதானே’ என்று ஒரு கைப்பிடி கூடப் போட்டால் இலை ஓரம் கருகிவிடும். போரான் கொஞ்சம் மிஞ்சினாலும் நஞ்சு.

“மாட்டெருவுல வராததா இந்தத் தண்ணியில வந்துரும்?” என்றார் மாமனார்.

“எருவை நிறுத்தச் சொல்லலீங்க மாமா. அது தினச் சோறு. இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கற கஞ்சி மாதிரிங்க. ரெண்டும் வேணும்ங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், சைட்டுக்காரரிடம் “ஒரு வருஷம் போகட்டுங்க” என்றார்.

ஏற்கெனவே வெடித்த பழத்தை எந்தத் தெளிப்பும் ஒட்ட வைக்காது. அடுத்த பூவுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவள் சரியாகத் தூங்கவில்லை. தோற்றால் போவது தோட்டம் மட்டுமல்ல, அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும்தான்.

அடுத்த சீசனில் எல்லா மரமும் மாறிவிடவில்லை. சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட மூலையில் பழம் வெடிக்கத்தான் செய்தது. காய விட்டுத் திடீரென்று தண்ணீர் பாய்ச்சினாலும் பழம் வெடிக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. மற்ற மரங்களில் இலை பசுமையாக விரிந்தது, காய் திரண்டது. சந்தைக்குப் போன கூடை காலியாகத் திரும்பியது.

மாமனார் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்.

“கண்ணு, பங்குனி பொறக்கப் போகுது. அந்த உப்பு வாங்கியாச்சா?”