கேசிங்: மேசைக்கடியில் நிற்கும் தகரப் பெட்டியின் நல்லதும் கெட்டதும்

ஊர் உறவுகளே, பெற்றோர்களே, பழைய மாணவத் தம்பி தங்கைகளே,

கொஞ்சம் நீண்ட பதிவுதான். ஆனால் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வாங்க நினைத்திருப்பவர்களும், பாடசாலை லேபுக்கு உதவ முன்வந்திருப்பவர்களும் ஒரு தடவை முழுமையாக வாசித்துவிடுங்கள்.

மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டியை நாம் எல்லோரும் 'சீ.பீ.யு' என்றுதான் சொல்கிறோம். உண்மையான சீ.பீ.யு அதற்குள்ளே, ஒரு ஃபேனுக்கு அடியில் மறைந்திருக்கும், ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள சின்னத் துண்டு. வெளியே நாம் காண்பது கேசிங். கடைக்குப் போகும்போது ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எத்தனையாவது ஜெனரேஷன் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு போகிறோம். கேசிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதுதான். ஆனால் லேபில் நாங்கள் பார்க்கும் பழுதுகளில் பல அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண இரும்பு டவர் கேசிங்கின் மிகப் பெரிய பலம் அதன் அளவு ஒழுங்கு. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் ஸ்குரூ ஓட்டைகள் எங்கே வர வேண்டும், பவர் சப்ளை என்ன அளவில் இருக்க வேண்டும், பின்பக்கத் துவாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. முழு ஏ.ரி.எக்ஸ் போர்ட் 305க்கு 244 மில்லிமீற்றர். நம் ஊரில் அதிகம் விற்பனையாகும் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் 244க்கு 244. பெரியது பொருந்தும் பெட்டியில் சின்னதும் பொருந்தும். அதனால்தான் பதினைந்து வருடத்துக்கு முன் வாப்பா வாங்கிய கேசிங்கில் இன்றைக்கு மகன் புதிய போர்டைப் பூட்ட முடிகிறது. உள்ளே இருப்பவை இரண்டு தடவை மாறிய பிறகும் அதே பெட்டியோடு ஓடும் மெஷின்கள் எங்கள் லேபில் உண்டு.

இரண்டாவது பலம், இடம். கையை உள்ளே விட்டு வேலை செய்யலாம். ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைகள் ராமைக் கழற்றி மாட்டிப் பார்க்கவும், எந்த வயர் எங்கே போகிறது என்று தொட்டுப் பார்க்கவும் டவர் கேசிங்தான் வசதி. படத்தில் பத்துத் தடவை காட்டினாலும் விளங்காதது, பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

இனிக் குறைகள். மலிவான கேசிங்கில் தகட்டின் கனம் பெரும்பாலும் 0.5 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. பக்கத் தகட்டைக் கழற்றி இரு கையாலும் பிடித்தால் பப்படம் போல வளையும். உள்விளிம்புகள் மடிக்கப்படாமல் பிளேட் போல இருக்கும். பிள்ளைகளை உள்ளே கை விடச் சொல்லும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. கடையில் வாங்கும்போதே உள்விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் நம் வீட்டுத் தரையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூட்டுகிறோம் என்று உம்மாமாருக்குத் தெரியும். அதே மணலும் தூசும் கேசிங்குக்குள்ளேயும் போகிறது. முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே போக வழியில்லை, சூடு உள்ளேயே சுற்றும். முன்பக்கம் வலையாக, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ளதாக இருந்தால் நல்லது. 80 மில்லிமீற்றர் ஃபேனை விட 120 மில்லிமீற்றர் ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. மாரி காலத்தில் இன்னொரு பிரச்சினை. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பெயின்ட் உரிந்த இடம், ஸ்குரூ ஓட்டை, பின்பக்கத் துவாரங்களின் விளிம்பு என்று உப்புக்காற்று அங்கேதான் முதலில் துருவை வைக்கும்.

பின்பக்கத்தில் கார்ட் பூட்டும் துவாரங்களை மூடியிருக்கும் சின்னத் தகடுகளையும் கவனியுங்கள். மலிவான பெட்டிகளில் அவற்றை ஒரு தடவை உடைத்து எடுத்தால் திரும்ப மூட முடியாது. அந்த ஓட்டை பல்லிக்கும் கரப்பானுக்கும் வாசல். உள்ளே சூடு இருப்பதால் அவை விரும்பி வரும். போர்டின் மேலே ஒரு பல்லி செத்துக் கிடந்தாலே ஷோர்ட் ஆக அது போதும். ஸ்குரூ போட்டு மூடும் தகடு உள்ள கேசிங்தான் நம் வீடுகளுக்குச் சரி.

பவர் சப்ளையும் சேர்த்தே தரும் கேசிங்குகளில் கவனம் தேவை. வெளியே 500 வோற்று என்று பெரிதாக அச்சடித்திருக்கும். பக்கத்து லேபலில் 12 வோல்ற் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 216 வோற்று. சீ.பீ.யுவும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. 7ஆம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த பெருக்கல்தான்.

இப்போது இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறோம். கடந்த தவணையில் 9ஆம் தர மாணவி ஒருத்தி, "சேர், இந்தப் பெட்டி கடிக்குது" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. நம் லேப்களில் தூசு வரக்கூடாது என்று சப்பாத்தை வாசலில் கழற்றச் சொல்வதுதான் வழக்கம். அந்தப் பிள்ளை வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்றுகொண்டுதான் கேசிங்கைத் தொட்டிருக்கிறாள். உடனே மெயின் சுவிட்சை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஊரிலுள்ள எலக்ட்ரீஷியன் நானாவைக் கூப்பிட்டோம். மீற்றரை வைத்துப் பார்த்தபோது கேசிங்குக்கும் எர்த்துக்கும் இடையில் 110 வோல்ற் அளவில் காட்டியது.

காரணம் இதுதான். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கபாசிற்றர்கள் உண்டு. ஒன்று லைனிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் கேசிங்கின் இரும்போடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் நம் 230 வோல்ற்றில் ஏறக்குறைய பாதி, பெட்டியின் இரும்பில் நிற்கும். இந்த அளவுக் கசிவு சுள்ளென்று கடிப்பதோடு நின்றுவிடும். ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு நாள் லைன் வயரின் உறை உரிந்து இரும்பில் பட்டால் முழு 230 வோல்ற்றும் பெட்டியில் வரும். எர்த் இருந்தால் அந்த நொடியே ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாக மின்சாரம் போன பிறகுதான் விழும்.

ஆகவே இரும்புக் கேசிங்கின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். அது மின்சாரத்தைக் கடத்தும். எர்த் இருந்தால் அந்த இரும்பு காவல். எர்த் இல்லாவிட்டால் அதுவே ஆபத்து. எங்கள் லேபில் பிழை, நீட்டிப்பு வயர் ஒன்றுக்குள் எர்த் வயர் பூட்டப்படாமல் இருந்தது. மூன்று கம்பி ப்ளக்கைக் குத்தியிருந்தோம், ஆனால் மூன்றாவது கம்பிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அன்றைக்கே மாற்றினோம். மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம்.

இப்போது பழைய மாணவர்களுக்கு. லேபுக்குப் பத்து மெஷின் தருவதற்கு ஒரு பட்ச் முன்வந்திருப்பது பெரிய உதவி. அவர்களில் ஒரு தம்பி கேட்டார்: "சேர், கண்ணாடி போட்ட, கலர் லைட் உள்ள கேசிங்காக எடுப்போமே, பார்க்கவும் அழகு, ஃபோட்டோவுக்கும் நல்லா இருக்கும்." பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் நமக்கும் ஆசை வருகிறது. ஆனால் தம்பி, அந்தக் கண்ணாடி சூடேற்றி இறுக்கிய கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும். கழற்றி டைல்ஸ் தரையில் விளிம்பு படும்படி வைத்தால் ஒரே நொடியில் ஆயிரம் துண்டாகச் சிதறும். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் அறை அது. முன்பக்கமும் கண்ணாடி என்றால் காற்றுக்கும் தடை. வீட்டில் மேசை மேல் வைத்து ஒருவர் மட்டும் பாவிப்பதற்கு அது பரவாயில்லை. நாற்பது பிள்ளைகள் வந்து போகும் லேபுக்கு வேண்டாம்.

பாவித்த கம்பெனி மெஷின்களையும் சிலர் சொன்னார்கள். அவற்றின் ஒல்லிக் கேசிங்கில் தகடு பெரும்பாலும் கனமானது, பலவற்றை ஸ்குரூ ட்ரைவர் இல்லாமலே திறக்கலாம், பூட்டுப் போடும் வளையமும் இருக்கும். குறை என்னவென்றால் பவர் சப்ளையும் போர்டும் பலவற்றில் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு. ஒன்று பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. எடுப்பதாக இருந்தால் பத்தும் ஒரே மொடலாக இருக்கட்டும். ஒன்று செத்தால் அதன் உறுப்புகள் மற்ற ஒன்பதுக்கும் உதவும்.

நாங்கள் கேட்பது இதுதான்: முன்பக்கம் வலை, கழுவக்கூடிய ஃபில்டர், மடித்த விளிம்பு, ஸ்குரூவால் மூடும் தகடு உள்ள சாதாரண இரும்பு டவர். கண்ணாடிக்கும் லைட்டுக்கும் போகும் காசில் லேபின் எர்த்தையும் வயரிங்கையும் ஒரு தடவை முழுமையாகப் பார்த்துத் தாருங்கள். அது ஃபோட்டோவில் தெரியாது. பரவாயில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே வீட்டிலுள்ள கொம்பியூட்டரின் ப்ளக்கைப் பாருங்கள். மூன்று கம்பியை இரண்டு கம்பியாக மாற்றும் அடாப்டர் இருந்தால் கழற்றி எறியுங்கள். பெட்டியைத் தொடும்போது சுள்ளென்றால் 'அது அப்படித்தான்' என்று விடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூலையில் கிடக்கும் பழைய கேசிங்கைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காமல் எங்களிடம் தாருங்கள். பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழக அது போதும்.

இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை காலை லேப் திறந்திருக்கும். பத்து மெஷினையும் தூசு தட்டி, துரு பிடித்த ஸ்குரூக்களை மாற்ற இருக்கிறோம். வருபவர்கள் ஒரு பிரஷும் ஸ்டார் ஸ்குரூ ட்ரைவரும் கொண்டுவாருங்கள். பிளேன் டீ எங்கள் பொறுப்பு.