சங்கிலியும் சீட்டும்

எங்கள் வட்டத்தின் தலைமையூருக்குக் குறிஞ்சிப்பாடி என்று பெயர். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளியில் படித்த நினைவோடு இங்கே வருகிறவர் ஏமாந்து போவார். கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் சமவெளிதான். மலையென்று சுட்டிக்காட்ட இருப்பவை, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிக் குவித்த மண்மேடுகள் மட்டுமே. அந்த மேடுகளைப் பார்த்தபடி கைத்தறியில் கைலி நெய்கிறவர்களும், முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போகிறவர்களும், சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர்களுமே எம் பங்கு மக்கள்.

வீடு மந்திரிக்கப் போகும் குருவானவருக்கு ஒன்று விரைவில் தெரிந்துவிடும். சில வீடுகளில் பின்கட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருக்கும். தீர்த்தத்தோடு அந்தப் பக்கம் திரும்பினால், "அங்கே ஒண்ணுமில்லை சாமி, சாமான் போட்டிருக்கு" என்பார்கள். சாமான் இருமும், சில வேளை சிரிக்கும். அத்தகைய கதவு ஒன்றைப் பற்றி, அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி இங்கே எழுதுகிறேன். இதில் என் குற்றமும் உண்டு.

நான் இப்பங்கிற்கு வந்த முதல் தவக்காலம். சிலுவைப்பாதை முடிந்து விளக்கணைக்கும் நேரத்தில், தறிக்காரக் குடும்பத்துத் தாய் ஒருவர் கோயில் படியில் காத்து நின்றார். "பெரியவனுக்கு ராத்திரி தூக்கமே இல்லை சாமி. யாரோ காதுல பேசுறாங்கன்னு சொல்றான். சோத்துல விஷம் வச்சிருக்குன்னு தட்டைத் தள்ளிவிடுறான். காத்துக் கருப்பு பட்டிருக்கு. நீங்கதான் மந்திரிச்சு விடணும்" என்றார். பையனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அதுவரை தறியில் அப்பனுக்குச் சமமாய் நெய்தவன்.

நான் அவன் தலைமீது கைவைத்துச் செபித்தேன். அத்தோடு நின்றிருந்தால் குற்றமில்லை. நோயாளிக்காகச் செபிப்பது குருவின் கடமை. ஆனால் தெற்கே ஒரு திருத்தலத்தின் பெயரைச் சொல்லி, "ஒரு மாதம் அங்கே தங்கவையுங்கள், தெளிந்துவிடும்" என்றும் சொன்னேன். அறியாமையால் சொன்னேன் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. 1999-இல் உரோமை புதுப்பித்து வெளியிட்ட பேயோட்டும் சடங்கு நூல், மனநோயால் துன்புறுகிறவரைப் பேய் பிடித்தவராகக் கருதிவிடாதபடி குருக்களை எச்சரிக்கிறது. மருத்துவம் அறிந்தோரைக் கலந்துகொள்ளவும் சொல்கிறது. ஆயரின் தனி அனுமதியின்றி அச்சடங்கை எந்தக் குருவும் செய்யலாகாது என்பது திருச்சபைச் சட்டம். இவற்றையெல்லாம் நான் படித்தவன். படித்ததும், படியில் ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கையில் வாயில் வருவதும் வேறு வேறாக இருந்தன.

ஒரு மாதம் பதினொரு மாதமாயிற்று. கோயிலையடுத்துத் தனியார் ஒருவர் நடத்திய விடுதியில் அவனை விட்டிருந்தார்கள். வாடகைக்காக ஒரு தறியை விற்றார்கள். அவன் திரும்பி வந்தபோது வலது கணுக்காலில் வளையம் போட்டாற்போல் தோல் தடித்துக் கறுத்திருந்தது. சங்கிலியின் தழும்பு. "ஓடிப்போயிடக் கூடாதுன்னு கட்டினாங்க சாமி" என்று தாய் சொன்னார். குறை கூறும் குரலில் அன்று; நான் சொன்னதைத் தாம் ஒழுங்காகச் செய்துவிட்டதாகத் தெரிவிக்கும் குரலில்.

அந்தத் தழும்பைக் கண்டதும் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்டு 6, ஆண்டவரின் உருமாற்றத் திருநாள். அப்போது நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைமேல் ஒளிவீசிய முகத்தைப் பற்றி அன்று காலை நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை எரிந்து முடிந்திருந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவை நாடிவந்த ஏழைகளைச் சுற்றி முளைத்த விடுதிகளுள் அது ஒன்று. அந்தச் செய்தியை வாசித்து, "பிற மதத்தாரின் மூடநம்பிக்கை" என்று நான் சொன்னதாகவே நினைவு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துவிட்டது. சட்டம் வந்த பின்னும் எம் பங்குப் பிள்ளையின் காலில் அது ஏறியது; ஏற வழிகாட்டியவன் நான்.

வழியை மாற்றிக் காட்டியவர் எங்கள் ஊருக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர். கருவுற்ற பெண்களைக் கணக்கெடுக்க அந்த வீட்டுக்குச் சென்றவர் சாத்திய கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். "குறிஞ்சிப்பாடி அரசு மருத்துவமனைக்கே மனநல டாக்டர் மாசத்துல குறிச்ச நாள்ல வர்றாரு. மாத்திரை இலவசம். ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். தாய் என்னிடம் வந்து, போகலாமா என்று வினவினார். இம்முறை நானும் உடன் போனேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மனநோய்க்கு அரசு மருத்துவம் என்றால், 1794-இல் தொடங்கிய சென்னை மனநோய் மருத்துவமனைதான். அது நின்ற கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே தமிழ்நாட்டில் வசைச்சொல் ஆகிவிட்டது. 1952-இல் பாரிசு நகரில் முதல் மருந்து பயனுக்கு வந்தபின், நோயாளியை ஆயுள் முழுதும் மதிலுக்குள் வைக்க வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் மருந்தோ தொலைவில் இருந்தது. 1982-இல் இந்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தார் 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முயற்சி செய்தார்கள்: ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் பணியாளருக்கும் இந்நோய்களை அறியவும், சில மருந்துகளை வழங்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் திருச்சி மாவட்டத்துக்கு வந்தது. இன்று எல்லா மாவட்டங்களிலும் உள்ளது. மாவட்டத்து மனநல மருத்துவர் ஒருவரும், உளவியலாளர், சமூகப் பணியாளர் என உடன் சிலரும் வட்ட மருத்துவமனைகளுக்குச் சுற்றி வருவார்கள். அவ்வளவுதான், பெரிய கட்டடமோ கல்வெட்டோ இதற்கு இல்லை.

நாங்கள் சென்ற நாளில் கூட்டம் மிகுந்திருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏதோ பெரும் விசாரணை நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மருத்துவர் அவனிடம் கேட்டது, "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்பதுதான். பிறகு, குரல்கள் இப்போதும் பேசுகின்றனவா, அவை உன்னை ஏதாவது செய்யச் சொல்கின்றனவா என்று கேட்டார். அவன் முதன்முறையாக ஒருவரிடம் முழுதாகப் பதில் சொன்னான். அக்குரல்களை ஒருவர் காய்ச்சலை விசாரிப்பதுபோல் விசாரித்ததே அவனுக்கு ஆறுதலாயிருந்திருக்க வேண்டும். நான் அவற்றைச் சாத்தான் என்றிருந்தேன். அவன் அப்பன் பொய் என்றிருந்தான். சமூகப் பணியாளரான பெண் தாயைத் தனியே அழைத்து, "இது நீங்க வளர்த்த குறையில்லைம்மா" என்றார். அந்தச் சொல்லுக்கு அந்தத் தாய் அழுத அழுகையை நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் கேட்டதில்லை.

ஒரு மாத மாத்திரை. அடுத்த மாதம் மீண்டும் சீட்டு, மீண்டும் பெஞ்சு. போய்வரும் நாளில் இருவர் கூலி போய்விடும். திரும்பும் வழியில் வடலூரில் இறங்கி, வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாத தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஐந்தாம் மாதத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றினான். எட்டாம் மாதத்தில் தறிக்குழியில் கால் வைத்தான். நெசவு முன்போல் வேகமில்லை. மாத்திரை கையைச் சற்று நடுங்க வைத்தது. ஆயினும் கரை நேராக வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அரசு விளம்பரத்துக்கு உதவியிருக்கும். அவன் தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் இருப்பவர்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் அவர்கள் கண்ணில் படும் என்று தாய் இரண்டு மாதம் போகவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மாத்திரை நின்றது; குரல்கள் வந்தன; பின்கட்டுக் கதவு மீண்டும் சாத்தப்பட்டது. அந்தச் சம்பந்தமோ வேறு ஏதோ காரணத்தால் தட்டிப்போயிற்று.

அருகில் வந்த மருத்துவத்தின் இடுக்கண் இதுதான் என்று அப்போது விளங்கியது. கீழ்ப்பாக்கம் தொலைவில் இருந்தது. அங்கே போவதை யாரும் பார்க்கமாட்டார்கள். குறிஞ்சிப்பாடியில் எல்லோரும் பார்ப்பார்கள். மருத்துவரை அரசு பேருந்து தொலைவுக்குக் கொண்டுவந்துவிட்டது. கூச்சத்தைப் போக்கும் வேலையை எந்தத் துறைக்கும் ஒப்படைக்க இயலாது.

நான் கடிந்துகொள்ளவே அந்த வீட்டுக்குப் போனேன். தாய் அமைதியாகச் சொன்னார்: "எங்க சின்னத் தாத்தாவை மதிலுக்கு வெளியதான் வச்சாங்க சாமி. அந்த வீடு, அந்த வீடுன்னு இன்னிக்கும் சொல்றாங்க." எனக்கு வாயடைத்துப்போயிற்று. மனம் கலங்கித் தம் உயிரைப் போக்கிக்கொண்டவர் அந்தப் பெரியவர். தெரிந்தே அவ்வாறு செய்தவர்க்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கம் அவர்தம் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. சட்டம் மாறிற்று, மதில் அங்கேயே நிற்கிறது. அந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று பவனியை மதிலுக்கு வெளியேயும் நடத்திச் சென்று, அந்தக் குழியையும் மந்திரித்தேன். சிலர் முணுமுணுத்தார்கள்.

புனிதர்களின் தலங்களை நான் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர். மனநோயாளிகளின் பாதுகாவலியாகிய புனித திம்ப்னா அங்கே அடக்கமானார் என்பது மரபு. நடுக்காலத்தில் திருப்பயணிகள் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு அங்கே திரண்டார்கள். கோயிலில் இடம் போதாமற்போகவே, ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்று, உடன் உண்டு, உடன் உழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அரசு பொறுப்பேற்று மருத்துவமனையும் அமைத்தது. 1930-களின் இறுதியில் 3,000-க்கும் மேற்பட்டோர் அவ்வூர் வீடுகளில் வாழ்ந்தார்கள். அங்கும் திருத்தலம்தான் தொடக்கம். ஆனால் ஊரார் சங்கிலிக்குப் பதில் சாப்பாட்டு மேசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். மருத்துவரும் வந்தபோது அவருக்கும் வழிவிட்டார்கள்.

மறுமாதம் முதல் நான் தவறாமல் அந்தப் பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன். வெள்ளை அங்கியோடுதான். தாய் வரக் கூசினால் நானே பையனை அழைத்துப்போவேன். மூன்று மாதம் ஆனதும் எங்கள் சமையற்காரர் சோறு பரிமாறிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "சாமிக்கு மூளைக் கோளாறாம், மாசாமாசம் மாத்திரை வாங்கப் போறாராம்னு ஊருல பேச்சு."

எனக்குச் சினம் மூண்டது. ஞாயிறு பிரசங்கத்தில் இதற்குத் தக்க மறுமொழி கொடுப்பதென்று முடிவு செய்தேன்; சிரிப்பு வரும்படி இரண்டு வாக்கியங்கள்கூட எழுதி வைத்தேன். சனிக்கிழமை இரவு அதைத் திரும்பப் படித்தபோதுதான் கண்டேன். அந்தத் தாய்க்கு இருந்த அதே அச்சம் என் எழுத்தில் இருந்தது. பைத்தியக்காரன் என்று பிறர் எண்ணிவிடக் கூடாதே என்ற அதே பதைப்பு. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பிரசங்கம் செய்தவனுக்கு, சீட்டு வாங்கும் வரிசையில் நின்ற பிறகுதான் அது தெரிந்தது. தாளைக் கிழித்துவிட்டேன். மறுநாள் திருமண ஓலைகளை வாசித்து முடித்ததும், குறிஞ்சிப்பாடிக்கு மருத்துவர் வரும் நாளையும், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம் என்ற 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் அறிவித்தேன். "நானும் அன்றைக்கு அங்கே இருப்பேன்" என்று மட்டும் சேர்த்தேன். யாருக்காக என்று சொல்லவில்லை.

பையன் மீண்டும் தார் சுற்றுகிறான். தறிக்குப் போக இன்னும் சில மாதம் ஆகும் என்கிறார் மருத்துவர். இதற்கிடையில் ஓரிரவு, அந்த வதந்தியைக் கேட்டு உரக்கச் சிரித்தவர் என்று நான் அறிந்த பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், கணக்கு நோட்டைத் தர வந்தவர்போல் வந்தார். நோட்டை வைத்தார், போகவில்லை. "சாமி, நீங்க போற நாள் என்னைக்கு?" என்றார். சொன்னேன். அந்த மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதம் மனைவியோடு வந்து, எங்களை அறியாதவர்போல் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார். அம்மையாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பையனின் சீட்டைப் படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.