கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்: சில குறிப்புகள்

கலிஃபோர்னியாவில் ஆபர்ன் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே, பெரும்பாறைகள் கிடக்கும் மேட்டில், ஸ்மித்தின் அப்பா கட்டிய மரக்குடில்.

மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை.

கோடையில் மரத்தடியில் மேசை போட்டு எழுதினார். செத்தவர்கள் எழுந்து நடக்கிற கதைகளைப் பட்டப்பகல் வெளிச்சத்தில்.

பிறப்பு 1893. எட்டு வருடப் பள்ளிப் படிப்பு. உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் போகவில்லை. வீட்டிலிருந்தே படித்தார். அகராதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தையும் அப்படியே.

அவர் கதைகளில் கல் வெறும் கல்லாக வருவதில்லை. பளிங்கா, கருங்கல்லா, ஓனிக்ஸா, போர்ஃபிரியா. இன்ன கல் என்று சொல்லாமல் ஒரு சுவரைக்கூட எழுப்ப மாட்டார்.

1912. பத்தொன்பது வயதில் முதல் கவிதைத் தொகுப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகைகள் கொண்டாடின. கீட்ஸ் பெயரைச் சொன்னார்கள்.

அப்புறம் பழம் பறித்தார். விறகு வெட்டினார். கிணறு தோண்டினார்.

1922இல் அடுத்த பெரிய தொகுப்பு. 500 பிரதிகள். அச்சடித்தது உள்ளூர்ச் செய்தித்தாளான ஆபர்ன் ஜர்னலின் அச்சகம். அச்சுக்கூலி பாக்கி நின்றது. அதைக் கழிக்க அதே செய்தித்தாளில் பத்தி எழுதினார்.

அதே 1922இல் ஒரு கடிதம். எழுதியவர் எழுத்தாளர் லவ்கிராஃப்ட். கவிதைகளைப் படித்துவிட்டு எழுதியிருந்தார்.

பதினைந்து வருடம் கடிதம் ஓடியது. ஒருவர் அட்லாண்டிக் கரை, ஒருவர் சியரா மலையடிவாரம். ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

டெக்சஸில் இருந்த ராபர்ட் ஹோவர்ட் இன்னொரு கடித நண்பர். அவரையும் ஸ்மித் பார்த்ததில்லை. வியர்ட் டேல்ஸ் பத்திரிகை என்றாலே வாசகர்கள் சொல்வது இந்த மூன்று பெயர்களைத்தான். மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்ததே இல்லை.

ஸ்மித் ஒரு தவளைக் கடவுளை உண்டாக்கினார். பெயர் ட்ஸதோக்வா. தொந்தி, பாதி மூடிய கண், எழுந்திருக்க மனமில்லாத சோம்பல். கதையைக் கையெழுத்துப் பிரதியில் படித்த லவ்கிராஃப்ட் கடவுளைத் தன் கதைக்கு எடுத்துக்கொண்டார். லவ்கிராஃப்டின் கதை 1931 ஆகஸ்ட்டில் அச்சாகிவிட்டது. ஸ்மித்தின் கதை நவம்பரில்.

உண்டாக்கியவர் வீட்டுக்கு முன்பே அடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்த கடவுள். இருவருக்கும் அதில் வருத்தமே இல்லை.

கதை எழுதச் சொன்னது ஒரு தோழி. கவிதையில் காசு வராது, அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. 1929 வாக்கில் உட்கார்ந்தார். அடுத்த ஐந்தாறு வருடத்தில் நூறு கதை அளவுக்கு எழுதித் தள்ளிவிட்டார்.

மூச்சு விடாமல் எழுதியிருக்கிறார். எல்லாமே நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். விண்கலக் கேப்டன் கதைகள் பத்திரிகை கேட்டதற்காக எழுதியவை. வாக்கியமே அலுப்போடு நடக்கிறது. மாயக்காரிகள் வரும் கதைகளிலும் பெண்களுக்கு அழகைத் தவிர வேறெதுவும் தருவதில்லை. அங்கெல்லாம் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறேன்.

ஆனால் 'பாடும் சுடரின் நகரம்'. 1931, வொண்டர் ஸ்டோரீஸ் பத்திரிகை. அதை விட முடியவில்லை.

டானர் கணவாய்ப் பக்கம் கிரேட்டர் ரிட்ஜ் என்கிற முகடு. உண்மையான இடம். ஸ்மித் நடந்து திரிந்த இடம். கதையில் அங்கே சரளைக்கற்களுக்கு நடுவே புல்லும் முளைக்காத ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் இரண்டு பாறைகள். சாம்பல் கலந்த பச்சை நிறம். ஒன்றைப் போலவே மற்றொன்று. இடையே ஐந்தடி இருக்கும்.

ஒருவன் அந்த இடைவெளியில் காலெடுத்து வைக்கிறான். அவ்வளவுதான். மந்திரம் இல்லை, இயந்திரம் இல்லை. வேறு உலகம்.

அங்கே ஒரு நகரம், நகரத்தின் நடுவில் கோவில், கோவிலில் ஒரு சுடர். சுடர் பாடுகிறது. பல உலகங்களிலிருந்தும் உயிர்கள் நடந்தும் பறந்தும் வந்து அதில் விழுகின்றன.

அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறான். கூட வந்த ஓவிய நண்பன் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுப் பாய்கிறான். தப்பித்தவன் நிம்மதியாக இருக்க வேண்டுமே? இல்லை. நாட்குறிப்பில் எழுதுவதெல்லாம் ஏக்கம்தான். தான் ஏன் பாயவில்லை என்று.

கதை சொல்பவனின் தொழில் என்ன? வினோதக் கதைகள் எழுதுவது.

வியர்ட் டேல்ஸ் அச்சான பிறகுதான் பணம் தந்தது. சொல்லுக்கு ஒரு சென்ட், சில சமயம் அதற்கும் கீழே. வொண்டர் ஸ்டோரீஸ் நேரத்துக்குத் தரவே இல்லை. பாக்கியை வாங்க நியூயார்க்கில் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க் கிரகக் கல்லறைக் கதை ஒன்று. 'யோ-வோம்பிஸின் நிலவறைகள்'. 1932. வியர்ட் டேல்ஸ் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் முன்பகுதி நீளம், வெட்டு என்றார். வெட்டினார். பாழூரை நோக்கி மெல்ல மெல்ல நெருங்குகிற பகுதி. பயம் ஊறுவதே அந்தத் தாமதத்தில்தான்.

1933இல் வேறு பத்திரிகை, வேறு செவ்வாய்க் கதை. முடிவை அவரிடம் கேட்காமலே மாற்றி அச்சிட்டார்கள்.

'பிணமெழுப்பிகளின் பேரரசு', 1932. மறுபடி படித்தேன்.

சிங்கோர் நாடு கொள்ளைநோயில் மொத்தமாகச் செத்துக் கிடக்கிறது. இரண்டு மந்திரவாதிகள் வருகிறார்கள். பிணங்களை எழுப்புகிறார்கள். எதற்கு? வேலை வாங்க. செத்த குடிகள் தோட்டம் போடுகிறார்கள், சுரங்கத்தில் உழைக்கிறார்கள். செத்த அரசர்கள் கைகட்டி நிற்கிறார்கள்.

இந்த மாதிரிக் கதையில் வாசகன் பயப்பட வேண்டியது பிணங்களைப் பார்த்து. இங்கே பயம் அந்தப் பக்கம் இல்லை.

அவர்களுக்குக் கோபம் வருவதற்கே வெகுநாள் ஆகிறது. மங்கலான நினைவு. மங்கலான துக்கம். கடைசிப் பேரரசன் இல்லெய்ரோ மெல்ல யோசிக்கத் தொடங்குகிறான். அவன் கேட்பது நாட்டை இல்லை. உயிரையும் இல்லை. திரும்பச் சாகிற உரிமையை.

இருபது பக்கம் இருக்காது. மலிவுத் தாள் பத்திரிகைக் கதை. இதற்கு இணையாக வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தக் கதையும் இன்னும் சில கதைகளும் நடக்கும் இடம் ஜொதீக். பூமியின் கடைசிக் கண்டம். சூரியன் சிவந்து மங்கிவிட்ட காலம். அறிவியல் மறந்துபோய் மந்திரம் திரும்பிவிட்டது.

எந்த நிலம் அது? 1953இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார்: சின்ன ஆசியா, அரேபியா, பாரசீகம், இந்தியா, ஆப்பிரிக்காவின் வடக்கிலும் கிழக்கிலும் சில பகுதிகள், இந்தோனேசியத் தீவுகள் பல.

அமெரிக்கா இல்லை. கலிஃபோர்னியா இல்லை. நாம் இருக்கிறோம்.

ஜொதீக்கில் இன்னொரு கதை, 'ஸீத்ரா'. ஆடு மேய்க்கும் பையன். குகைக்குள் போய் ஒரு பழத்தைத் தின்கிறான். தான் கேலிஸ் நாட்டு அரசன் என்று நினைவு வருகிறது. தேடிப் போனால் நாடு எப்போதோ பாழ். இருளின் கடவுள் தூதனை அனுப்பிப் பேரம் பேசுகிறான்: நாட்டைத் தருகிறேன், ஆடு மேய்த்த வாழ்க்கைக்கு மட்டும் ஏங்கக் கூடாது.

ஏங்குகிறான்.

கடைசியில் இரண்டும் இல்லை. இரண்டின் நினைவும் இருக்கிறது. தண்டனையே அதுதான்.

1935 செப்டம்பரில் அம்மா இறந்தார். 1936 ஜூனில் ஹோவர்ட். 1937 மார்ச்சில் லவ்கிராஃப்ட். 1937 டிசம்பரில் அப்பா.

அதன்பின் இருபத்து நான்கு வருடம் இருந்தார். கதைகள் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கை சும்மா இருக்கவில்லை. சிற்பம் செதுக்கினார். உள்ளூரில் கிடைத்த மாக்கல், பாம்புக்கல். டைனசோர் எலும்பிலும்கூட. பேனாக்கத்திதான் உளி. சிலவற்றைச் சமையல் அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கினார்.

பிதுங்கிய உதடு, புடைத்த நெற்றி, உள்ளங்கை அளவு தெய்வங்கள். சில டாலருக்கு விற்றார்.

1943இல் லவ்கிராஃப்ட் கதைகளின் இரண்டாம் பெருந்தொகுதி வந்தது. மேலட்டைப் படம் ஸ்மித்தின் சிற்பங்கள்.

1954இல் கல்யாணம். அறுபத்தொரு வயது. கடலோரம் பசிஃபிக் குரோவ் ஊருக்குப் போனார். அங்கே மற்றவர்கள் வீட்டில் தோட்ட வேலை.

1957இல் ஆபர்ன் குடில் எரிந்துபோனது. 1961 ஆகஸ்டில் அவர் இறந்தார். அஸ்தியைக் குடில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பாறையருகே புதைத்தார்கள்.

திரும்ப 1933க்கு. அந்த வருடம் சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் போட்டார். 'இரட்டை நிழல்'. ஆறு கதைகள், பெரும்பாலும் பத்திரிகைகள் திருப்பி அனுப்பியவை. ஆயிரம் பிரதிகள். விலை 25 சென்ட். மறுபடியும் ஆபர்ன் ஜர்னல் அச்சகம். செய்தித்தாள் போலப் பக்கத்துக்கு இரண்டு பத்தி.

ஆறில் ஒன்று சீனக் கதை. முதலில் மணிலாவில், பிலிப்பைன் மேகஸினில் வந்தது. ஏழைப் பண்டிதன். தம்பியின் படிப்புக்காகப் பரம்பரைச் சொத்துகளை ஒவ்வொன்றாக விற்கிறான். கடைசியில் மிஞ்சுவது ஒரு வில்லோ மர ஓவியம். அதையும் விற்றாக வேண்டும். ஓவியம் அவனை உள்ளே கூப்பிடுகிறது. போய்விடுகிறான். ஸ்மித் எழுதியதில் யாருக்கும் கேடு வராமல் முடிகிற அபூர்வக் கதை.

அந்தப் புத்தகத்தில் அச்சுப்பிழைகள். பல பிரதிகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் கையாலேயே திருத்தினார். ஒரு பிரதி எங்காவது பார்க்கக் கிடைத்தால் முதலில் அந்தத் திருத்தங்களைத்தான் பார்ப்பேன். கதை அப்புறம்.