சங்கிலியும் மண்ணும்

சார்ஜாவில் றோலாப் பக்கமுள்ள ஒரு சாப்பாட்டுக்கடையில் நாங்கள் இரண்டு பேர் வேலை செய்கிறோம். விசாவில் குசினி உதவியாள் என்றிருக்கிறது. வளைகுடா நாடுகள் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. ஆகவே எங்களை அகதி என்று சொல்ல இங்கே ஒரு கடதாசியும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கையில் விடுமுறைக்கு வன்னிக்கு வந்திருந்தோம். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. படிப்பு அத்தோடு சரி.

பின்னேரம் மூன்றரைக்கும் ஆறுக்கும் இடையில் கடையில் ஆளிராது. போன மாதம் முதலாளியின் மகன், பன்னிரண்டு வயது மலையாளப் பொடியன், ஒரு பெட்டியோடு வந்தான். "சேட்டா, ஒன்னு சகாயிக்காமோ?"

ஜப்பானின் தமியா கம்பனி 2002இல் வெளியிட்ட டி-55 டாங்கி. அசலில் 35இல் ஒரு பங்கு. இந்த விசித்திரக் கணக்குக்கும் காரணம் உண்டு: 1960களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பற்றரியும் அடங்க வேண்டியிருந்தது.

டி-55 எங்களுக்குப் புதிதல்ல. இலங்கை இராணுவத்திடம் இருந்தது அதுதான். 1993 கார்த்திகையில் பூநகரியில் இயக்கம் கைப்பற்றியதும் அதுதான். 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் படுத்திருந்து நாங்கள் கேட்டதும் அதன் இரைச்சல்தான்.

சங்கிலி இரண்டும் மெல்லிய பிளாஸ்ரிக் பட்டிகள். பழைய பெட்டிகளில் பட்டி முனையின் முளைகளைத் துளையில் செருகி, சூடேற்றிய ஸ்குறூ டிறைவரால் நசுக்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தோம். குசினி அடுப்பில் ஒன்றைக் காய்ச்சிக்கொண்டு ஓடிவந்தோம். பொடியன் சிரித்தான். இதற்குப் பசையே போதுமாம்.

மாட்டியபோது பட்டியின் மேற்பக்கம் தந்திபோல விறைத்து நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் "அப்படி வராது" என்றோம். டி-55க்கு ஒரு பக்கத்தில் ஐந்து பெரிய சில்லுகள். சங்கிலியை மேலே தாங்கச் சிறு உருளைகள் கிடையாது. பாரமான இரும்பு தொய்ந்து சில்லுகளின் முதுகிலேயே கிடக்கும். கோப்பை கழுவும் ஸ்பொஞ்சை வெட்டி மேலே செருகி, பசை காயும்வரை அமத்தி வைத்தோம்.

"எங்ஙனெ அறியாம்?" என்று கேட்டான். படத்தில் பார்த்தோம் என்றோம்.

கருநிறம் பூசிக் காய்ந்ததும் துருநிறப் போத்தலைத் திறந்தான். தடுத்தோம். ஓடுகிற சங்கிலியில் நிலத்தோடு உரசும் இடம் துருப்பிடிக்காது. மணலில் ஓடினால் தீட்டிய கத்திபோல மினுங்கும். தூரிகையில் வெள்ளிநிறம் எடுத்து, கடதாசியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தேய்த்தோம்.

பிறகு மண். எங்களில் ஒருவர் வன்னிச் செம்மண் நிறம் என்றார். மற்றவர், "உனக்கென்ன விசரே? வெள்ளை மணல்" என்று நின்றார். அவருடைய அம்மாவை அந்த மணலில்தான் புதைத்தோம். அரை மணித்தியாலம் சண்டை. பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே போய் ஒரு பிடி சார்ஜா மணல் அள்ளிவந்து பசையில் குழைத்துத் தானே பூசினான்.

இப்போது அது காசு மேசையில் பெருஞ்சீரகத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரவில் அதைத் தூசு துடைப்பதும் எங்கள் வேலை. துடைத்துவிட்டுக் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறோம். அடுத்தநாள் பொடியன் வந்து வாசல்பக்கம் திருப்பிவிடுகிறான்.