கடலை இடக்கைப் பக்கம் வச்சுக்கோ

பொங்கல் லீவுக்கு எங்க ரூம்ல மத்த மூணு பேரும் மூணாறு போனாங்க. நான் உடன்குடி பக்கம் இருக்கிற தாத்தா ஊருக்குப் போனேன். பாசம்னு நினைச்சிடாதீங்க, கையில காசு இல்லை, அவ்வளவுதான்.

போறதுக்கு முன்னாடி ஒரு மாசமா ராத்திரி யூடியூப்ல ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இங்கிலாந்தோட தென்மேற்குக் கரையில 1,000 கிலோமீட்டருக்கு மேல நீளுற ஒரு நடைபாதை இருக்கு. பையை முதுகுல மாட்டிக்கிட்டு நாள் கணக்கா நடக்கிறாங்க. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புல்வெளி. பிளேஸ்மென்ட் டென்ஷன்ல அதைப் பார்த்தா மனசு கொஞ்சம் அடங்கும். அந்த நினைப்புல தாத்தாகிட்ட கேட்டேன், "இங்க அந்த மாதிரி நடக்கிற ரூட் ஏதாவது இருக்கா?"

"எய்யா, இங்கன நடக்காத ரூட்டுன்னு ஒண்ணு உண்டா?" என்று சிரிச்சார்.

தாத்தாவுக்கு 74 வயசு. சின்ன வயசுல அவரோட அப்பாகூட ஓலைப்பெட்டியில கருப்பட்டி சுமந்து திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடந்திருக்கார். திரும்பி வரும்போது அதே பெட்டியில கருவாடு இருக்கும். பனைக்காட்டு ஆளுங்ககிட்ட இனிப்பு, கடற்கரை ஆளுங்ககிட்ட உப்பு, நடுவுல காசே இல்லாத ஒரு வியாபாரம். இவ்வளவு காலம் இது எனக்குத் தெரியாது. சென்னையில வளர்ந்தவன், இங்கிலீஷ் மீடியம், லீவுக்கு வந்தாலும் போனை நோண்டிட்டு இருந்தவன். 2023ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதைக்கூட இன்ஸ்டாகிராம்லதான் பார்த்தேன்.

பொங்கலுக்கு மறுநாளுக்கு மறுநாள் கிளம்பினோம். திருச்செந்தூர் கோயில் கடற்கரையில ஆரம்பிச்சு குலசேகரப்பட்டினம் வழியா மணப்பாடு. சுமார் 18 கிலோமீட்டர். ஆச்சி அவிச்ச பனங்கிழங்கைத் துணியில கட்டிக் கொடுத்தாங்க. "எழுவது வயசுக்கு மேல இது தேவையா?"ன்னு தாத்தாவைப் பார்த்துச் சொல்லிட்டு, "கெழவனை விட்டுட்டு வந்துராத"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

விடியறதுக்கு முன்னாடி நாழிக்கிணறு பக்கம் ஒரே கூட்டம். பாதயாத்திரை வந்தவங்க பச்சை வேட்டியோட மணல்லயே படுத்துத் தூங்கிட்டு இருந்தாங்க. பலர் காலில் துணி சுத்தியிருந்தது. நான் ஜிபிஎஸ் ஆப்பை ஆன் பண்ணி, ஷூ லேஸை இறுக்கி, வாட்டர் பாட்டிலை செக் பண்ணிட்டு இருந்தப்போ ஒரு அம்மா பார்த்து, "எந்த ஊர்லருந்து நடந்து வாரீங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. இனிமேதான் நடக்கப் போறேன்னு சொல்லக் கூச்சமா இருந்தது.

தாத்தா எனக்குக் கொடுத்த வழிகாட்டல் ஒரே வரிதான். "கடலை இடக்கைப் பக்கம் வச்சுக்கோ. மணப்பாட்டுக் கோயில் தானா வரும்."

உண்மையிலேயே அவ்வளவுதான் ரூட். ஆனா நடக்கிற விதத்துல விஷயம் இருக்கு. முதல் அரை மணி நேரத்துல நான் காய்ஞ்ச மணல்ல நடந்து தொடை வலி வந்து நின்னுட்டேன். தாத்தா செருப்பைக் கையில எடுத்துட்டு, அலை இழுத்துட்டுப் போன ஈரமணல்ல போயிட்டே இருந்தார். ஈரம் இருக்கிற வரைக்கும் மணல் துகள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், அதனால கால் புதையாது. செகண்ட் இயர்ல இதைப் படிச்சு எக்ஸாம்ல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். காலுக்குத்தான் தெரியலை. ரொம்பத் தண்ணிப் பக்கம் போனாலும் புதையும்; நடுவுல ஒரு முழம் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கு, அலைக்கு அலை அது இடம் மாறும். தாத்தா குனிஞ்சு பார்க்காமலே அதுலயே நடந்தார்.

ஆலந்தலை வர்றப்போ சூரியன் மேல வந்தாச்சு. வள்ளங்கள் கரை ஏறி, வலையிலிருந்து மீனை எடுத்துட்டு இருந்தாங்க. தாத்தா ஒரு பெரியவர்கிட்ட காத்து எப்படின்னு கேட்டார். கொண்டல்தான்னு அவர் சொன்னார். ரெண்டு பேருக்கும் முன்னப் பின்ன பழக்கமில்லை, ஆனா பத்து நிமிஷம் காத்தைப் பத்தியே பேசினாங்க. நான் போன்ல வெதர் ஆப்பைத் திறந்து பார்த்தேன். வடகிழக்கு, மணிக்கு 15 கிலோமீட்டர்னு இருந்தது. மூடி வச்சுட்டேன்.

அதுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் யாருமே இல்லை. அடப்பங்கொடி ஊதாப்பூவோட மணல்மேட்டுல படர்ந்து கிடந்தது. அங்கங்கே ராவணன் மீசை. பேரு நல்லா இருக்கேன்னு கை வச்சேன், ஊசி மாதிரி குத்தியது. இங்கிலாந்து வீடியோவுல பார்த்த பச்சை இங்க கிடையாது. மஞ்சள் மணல், சாம்பல் நிறத்துல கடல், தூரத்துல கறுப்பா பனை வரிசை. முதல்ல வெறிச்சுன்னு இருந்தது. ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்த மூணு நிறத்துலேயே எவ்வளவோ இருக்குன்னு தோணுச்சு. போட்டோவுல அது ஒண்ணுகூட வரலை.

கல்லாமொழி பக்கம் ரெண்டு 660 மெகாவாட் யூனிட்டுக்கான அனல்மின் நிலையம். கடலுக்குள்ள நீளுற நிலக்கரி இறங்குதுறையும் அங்கேதான். நாங்க ரோட்டுக்கு ஏறிட்டோம். ரோட்டுல நடந்தது ஒரு மணி நேரம் இருக்கும், அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. லாரி, தூசி.

குலசையில தாத்தா ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தவர் எழுந்திருக்கலை. முட்டியைப் பிடிச்சுக்கிட்டே பேச்சை மாத்தினார். அந்தக் காலத்துல இந்த ஊருக்குள்ள சின்ன ரயில் ஓடுச்சாம், திருச்செந்தூர்லருந்து குலசை, உடன்குடி வழியா திசையன்விளைப் பக்கம் வரைக்கும். கருப்பட்டியும் சர்க்கரை ஆலைச் சரக்கும் அதுலதான் போகுமாம். அவர் அப்பா அதுல ஏறியிருக்கார். 1940ல் அது நின்னுபோச்சு. "ரயிலு போனதும் திரும்ப நடதான். அதுக்குப் பொறவு பஸ்ஸு வந்துது, நட போச்சு. இப்ப நீ வந்து நடக்கணுங்க." சொல்லிட்டு, "நீ போ. நான் பஸ்ஸுல வாரேன்"னார்.

ஆச்சி சொன்னது ஞாபகம் வந்தது. விட்டுட்டுப் போக மனசில்லை. "கடலு எங்கயும் போவாது, போ"ன்னு விரட்டிட்டார்.

கடைசி அஞ்சாறு கிலோமீட்டர் தனியா நடந்தேன். உண்மையைச் சொல்றேன், போர் அடிச்சது. தாத்தா இருந்தப்போ ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பேர் இருந்தது, இங்க ஒரு தடவை திமிங்கலம் ஒதுங்கிச்சு, அங்க எங்கப்பா பெட்டியைத் தண்ணியில விட்டுட்டார்னு ஏதாவது வரும். தனியா வந்தப்போ அது வெறும் பீச். அப்புறம் மணல் குன்று மேல வெள்ளையா திருச்சிலுவைக் கோயில் தெரிஞ்சது. தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் நடந்தும் அது கிட்ட வரவே இல்லை. கழிமுகம் பக்கம் தண்ணியில இறங்கத் தைரியம் இல்லாம ரோட்டைப் பிடிச்சேன்.

மணப்பாட்டுக் குன்றுல தாத்தா எனக்கு முன்னாடியே வந்து நிழல்ல உட்கார்ந்திருந்தார். 1542ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதா சொல்ற குகை கீழே இருக்கு. அதைப் பார்த்துட்டு வந்து பனங்கிழங்கை உரிச்சுச் சாப்பிட்டோம். ஒரு பக்கம் நாங்க நடந்து வந்த கரை. இன்னொரு பக்கம் பெரியதாழையை நோக்கிப் போற கரை. தாத்தா அந்தப் பக்கம் கை காட்டி, "அங்கனதானே உங்க ராக்கெட்டு?"ன்னார்.

எங்க ராக்கெட்டுன்னு அவர் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நான் இஸ்ரோ எக்ஸாமுக்குப் படிச்சுட்டு இருக்கேன். ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கார். 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டின ரெண்டாவது ஏவுதளத்துக்கு மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து பக்கமெல்லாம் சேர்த்து 2,000 ஏக்கருக்கு மேல நிலம் எடுத்திருக்காங்க.

ஏன் இங்கன்னு கேட்டார். குச்சியால மணல்ல வரைஞ்சேன். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து துருவப் பாதைக்கு அனுப்பணும்னா ராக்கெட் தெற்கே போகணும். நேரா போனா இலங்கை குறுக்க வரும். அதனால கிழக்குப் பக்கமா ஒதுங்கிப் போய் அப்புறம் திரும்பணும். அந்தத் திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகும், எடுத்துட்டுப் போற எடை குறையும். எஸ்எஸ்எல்வி மாதிரி 500 கிலோ தூக்குற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். இங்கிருந்து விட்டா தெற்கே வெறும் கடல்தான், நேரா போயிடலாம்.

தாத்தா படத்தையே பார்த்துட்டு இருந்தார். "அப்ப ராக்கெட்டு சுத்திப் போவப்பிடாதுன்னு இங்கன வருது."

"ஆமா."

"நாம பெரியதாழைக்குப் போவணும்னா?"

நான் பதில் சொல்லலை. ரோட்டு வழியா போகலாம்னு சொல்லியிருக்கலாம். காலையில அந்த ரோட்டுல நடந்துட்டு வந்ததால வாய் வரலை. அவர் கோபமா கேட்கலை, கிண்டலாவும் கேட்கலை. வழி கேட்டார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "எப்ப விடுவாவ? இந்தக் குன்றுலருந்து நல்லாத் தெரியுமா?"ன்னு கேட்டார். நல்லாத் தெரியும் தாத்தான்னு சொன்னேன். அது மட்டும் தெரியும்.

மறுநாள் தேரிக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். செக்கச்செவேல்னு மணல், இரும்பு ஆக்சைடு படிஞ்சதால வர்ற நிறம். வருஷா வருஷம் கச்சான் காத்து அடிச்சு மேட்டை நகர்த்தும், நேத்து இருந்த பாதை இன்னிக்கு இருக்காது. வெயில் ஏறினா செருப்பில்லாம கால் வைக்க முடியாது. சின்னப் பிள்ளையில கொல்லா இலையை ஒடிச்சுப் போட்டு, அது மேல நின்னு நின்னு போவாங்களாம். நான் ஆப்ல ரூட்டை ரெக்கார்டு பண்றதைப் பார்த்து, "இதுல போட்டா காத்து வந்தாலும் அழியாதோ?"ன்னு கேட்டார்.

ஹாஸ்டலுக்கு வந்து அந்த ட்ராக்கைத் திறந்து, அவர் சொன்ன பேர்களை ஒவ்வொண்ணா தமிழ்ல டைப் பண்ணிட்டு இருக்கேன். பாதி ஞாபகம் இல்லை, தினமும் போன் பண்ணிக் கேட்கிறேன். ஆலந்தலை வரைக்கும் முடிஞ்சது. செமஸ்டர் முடிஞ்சதும் மணப்பாட்டுலருந்து பெரியதாழை வரைக்கும், விடுற தூரம் போய்ப் பார்த்துரலாம்னு சொல்லியிருக்கார். மே மாசம் கச்சான்ல மணல் முகத்துல அறையும், கெழவனுக்குக் கிறுக்குன்னு ஆச்சி பின்னாடி இருந்து கத்துறாங்க. முட்டிக்குத் தைலம் மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னார்.