மாத்திரை அட்டையும் கத்தரிக்கோலும்

பொருள் வடிவமைப்பாளர் யாரையாவது புதிதாகச் சந்தித்தால், எங்கே படித்தார் என்பதைவிட யாரோடு வளர்ந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. நானும் அதே தொழில்தான். இந்த ஆசையை எனக்குள் விதைத்தவர் பாட்ரிசியா மூர்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாத்தா பாட்டியின் அருகில் வளர்ந்தவர் அவர். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ரேமண்ட் லோவியின் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. ஃபிரிட்ஜ் பற்றிய ஒரு கூட்டத்தில், மூட்டுவாதம் வந்த கையால் இந்தக் கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்று பதில் வந்தது. வேறு யாராவது என்றால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

மூர் 1979-ல், தம் 26-ஆம் வயதில், கிழவி வேடம் போட்டார். முகத்துக்குச் சுருக்கம் வரைந்ததோடு நிற்கவில்லை. பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடி, காதில் அடைப்பு, கை கால்கள் சரியாக மடங்காதபடி கட்டு. 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் அந்தக் கோலத்தில் நடமாடினார். நியூயார்க்கில் பையன்கள் கும்பல் ஒன்றிடம் அடிகூடப் பட்டார்.

ஏன் இவ்வளவு பாடு, வயதானவர்களிடமே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டால் சொல்லமாட்டார்கள். என் அத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்க அவருக்குக் கட்டைவிரலில் வலு இல்லை. ஹேர்பின் முனையால் அலுமினியத் தாளைக் கீறி, எவர்சில்வர் தட்டின்மேல் கவிழ்த்துத் தட்டுவார். மாத்திரை தரையில் உருண்டால் குனிந்து எடுக்க முடியாது, அதற்குத்தான் தட்டு. "கஷ்டமா இருக்கா அத்தை?" என்றால், "மாத்திரை பிரிக்கிறதெல்லாம் ஒரு கஷ்டமாப்பா?" என்பார். கேள்வித்தாளில் இந்தப் பதில் 'குறை ஒன்றுமில்லை' என்றுதான் பதிவாகும். ஹேர்பின்னும் தட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணில்தான் படும்.

வேடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூர் ராத்திரி கட்டுகளை அவிழ்த்துவிடலாம், அத்தையால் முடியாது. ஆனாலும் மூர் போன்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பலன் இருந்தது. மனைவி பெட்சி மூட்டுவலியோடு தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்த சாம் ஃபார்பர், 1990-ல் தடித்த ரப்பர் கைப்பிடி வைத்த 'ஆக்ஸோ குட் கிரிப்ஸ்' சாமான்களைக் கொண்டுவந்தார். கைவலி இல்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள். நோகும் கைக்குப் பொருந்தியது நல்ல கைக்கும் சுகமாகத்தானே இருக்கும்!

எனக்கு இப்போதைய கவலை மாத்திரை அட்டைதான். மருந்துக் கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலுமாகப் பிரிந்து, தேதி வேறு யார் வீட்டுக்கோ போய்விடுகிறது. அத்தைக்கு நிறம்தான் அடையாளம்: சிவப்பு காலையில், வெள்ளை ராத்திரியில். கம்பெனி மாறி நிறமும் மாறிவிட்டால், அதே மருந்துதான் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பமாட்டார். அவர் சந்தேகம் நியாயமானது. கையில் இருக்கும் துண்டில் படித்துப் பார்க்க முழு விவரம் இல்லையே. வெட்டாதீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. பத்தும் வாங்கக் காசில்லாதவர்களுக்காகத்தான் அவர் வெட்டுகிறார். அட்டையை வடிவமைப்பவர் அந்தக் கத்தரிக்கோலையும் மனதில் வைத்து, ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் பெயரையும் தேதியையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிட வேண்டும்.